நிலம் 610 ஏக்கர், ரொக்கம் 700 ரூபாய்: ஒரு பர்மாப் பேரேட்டைப் படிப்பது எப்படி?

கேள்வி: ஐயா, நாங்கள் தேவகோட்டைப் பக்கம். வீட்டில் இரண்டாங்கட்டு அறையை ஒழித்தபோது பாட்டையாவின் பர்மா வட்டிக்கடைப் பேரேடுகளும் ஐந்தொகைத் தாள்களும் (வருட முடிவில் இருப்பு நிலை காட்டும் கணக்கு) பெரிய அப்பத்தா எழுதிய சில கடிதங்களும் கிடைத்தன. 1930-ல் 40 ஏக்கராக இருந்த நிலம் 1936-ல் 610 ஏக்கர் ஆகியிருக்கிறது, 600 ஏக்கர் ஜமீன் என்றே சொல்லலாம். ஆனால் அதே காலத்தில் வீடு கட்டும் வேலை நின்றுபோனதாகவும் நகையை விற்றதாகவும் கடிதத்தில் இருக்கிறது. கடையில் தான் போட்டுவைத்த 3,000 ரூபாயைப் பாட்டையா விழுங்கிவிட்டதாக அவருடைய தங்கை சொன்னாராம். அவர் வழி வந்தவர்கள் இன்றுவரை அதையே சொல்கிறார்கள். ஊரில் கொடுத்த கடன் கணக்கிலும் சில வரிகள் அடிக்கப்பட்டிருக்கின்றன. பாட்டையா பணத்தை எங்காவது மறைத்தாரா? அடுத்த மாதம் அப்பச்சியின் (என் அப்பாவின்) பீமரத சாந்திக்கு அந்தத் தங்கை வீட்டாரும் வருகிறார்கள். பர்மா நிலத்தை இப்போது கேட்க முடியுமா? கடைசியாக இன்னொன்று. நான் கட்டுமானப் பொருள் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாக வியாபாரம் மந்தம். 14 லட்சம் பாக்கி வைத்துள்ள ஒரு காண்டிராக்டர், பணத்துக்குப் பதில் இரண்டு மனை எழுதித் தருகிறேன் என்கிறார். சின்னம்மாவின் பணம் 5 லட்சமும் கடையில் ஓடுகிறது. மனையை வாங்கலாமா?

ஆடிட்டர் பதில்:

நீங்கள் அனுப்பிய ஏட்டுப் படங்கள் எல்லாம் வந்தன. முதலில் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை படம் எடுக்கும்போது தாளின் ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். வட்டியை ஓரத்தில்தான் எழுதியிருக்கிறார்கள். நான்கு பக்கங்களில் அது விழவில்லை. இருந்தாலும் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல இருப்பதே போதும்.

பாட்டையா பணத்தை மறைத்தார் என்பதற்கு இந்தக் கணக்கில் ஒரு தடயமும் இல்லை. பேரேடும் கடிதமும் ஒன்றுக்கொன்று முரண் என்று நினைக்கிறீர்கள். இரண்டும் சொல்வது ஒரே செய்திதான். பிரமோதூத வருஷத்து ஐந்தொகையையும் (1930-31) யுவ வருஷத்து ஐந்தொகையையும் (1935-36) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் வெளியே கொடுத்த கடன் 62,000 ரூபாய், நிலம் 3,000, ரொக்கம் 5,000. மொத்தம் 70,000. இரண்டாவதில் கடன் 14,000, நிலம் 57,000, ரொக்கம் 700. மொத்தம் 71,700. மொத்தத்தை மட்டும் பார்த்தால் உலகமே சரிந்த ஐந்து வருடத்தில் பாட்டையா 1,700 ரூபாய் முன்னேறியிருக்கிறார். ரொக்கத்தைப் பார்த்தால் கடை மூச்சு வாங்குகிறது.

நடந்தது இதுதான். கீழ் பர்மாவில் நம் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வட்டிக்கடைகளில் பெரும்பணம் நெல் விவசாயிகளிடம்தான் இருந்தது. 1930-ஐ ஒட்டி அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், அவற்றில் புழங்கிய பணம் 75 கோடி ரூபாய் என்றும் அன்றைய பர்மா வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. 1929-ல் அமெரிக்காவில் பங்குச் சந்தை விழுந்ததும் உலகம் முழுக்க விளைபொருள் விலை சரிந்தது. 1930 கடைசியில் ரங்கூன் நெல் விலையும் மளமளவென்று விழுந்து, கொஞ்ச நாளில் பழைய விலையில் பாதிக்கும் கீழே போனது. விளைச்சலில் குறைவில்லை. விற்றால் வரும் காசுதான் பாதி. வாங்கிய கடனோ ரூபாயில் அப்படியே நின்றது, வட்டியும் அப்படியே. நிலவரியையும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். நூறு கூடை நெல்லை விற்று அடைத்திருக்க வேண்டிய கடனுக்கு இருநூறு கூடைக்கு மேல் தேவைப்பட்டது. எந்த விவசாயியால் முடியும்?

கடனைத் திருப்ப முடியாதவர்கள் ஈடு வைத்த நிலத்தையே எழுதிக்கொடுத்தார்கள். சில இடங்களில் கோர்ட்டு மூலம் வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்தது சுமார் 5,70,000 ஏக்கர், அதாவது மொத்தத்தில் 6 சதவீதம். 1938-ல் அது 24,68,000 ஏக்கர், 25 சதவீதம். உங்கள் பாட்டையாவின் 40, 610 ஆனது இந்தப் பெருங்கணக்கின் ஒரு துளி.

இதை யாரும் ஆசைப்பட்டு வாங்கவில்லை. எங்களுக்கு வேண்டியது பணம்தான், நிலமல்ல என்று வங்கி விசாரணைக் குழு முன்பே நம்மவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வட்டிக்கடைக்காரனுக்கு நிலம் என்றால் முடங்கிய பணம். கடையில் பணம் போட்டு, வட்டியைத் தவணைக்குத் தவணை கேட்டு நிற்பவர்களுக்கு நெல்வயலைக் காட்ட முடியாது. விற்கலாம் என்றால், பக்கத்துக் கடைக்காரரிடமும் விற்கத்தான் நிலம் இருக்கிறது. ரொக்கத்தோடு வாங்க வருபவர் யாருமில்லை. குத்தகைக்கு விட்டால் குத்தகை நெல்லுக்கும் அதே பாதி விலைதான்.

நிலத்தை இழந்தவர்கள் பக்கமும் உண்டு, அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். உங்கள் ஏட்டில் கூடிய 570 ஏக்கரும் யாரோ காடு வெட்டி உண்டாக்கிய வயல். அவர்களில் பலர் அதே வயலில் குத்தகைக்காரர்களாக நின்றார்கள், மற்றவர்கள் கூலிக்குப் போனார்கள். 1930 டிசம்பரில் தாராவாடிப் பக்கம் சாயா சான் தலைமையில் எழுந்த கலகத்துக்கு வரிச்சுமையும் நெல் விலை வீழ்ச்சியும் நெருப்பு மூட்டின. 1938-ல் இந்தியர்களுக்கு எதிராக நடந்த கலவரத்திலும் நிலம் போன கோபம் கலந்திருந்தது. '600 ஏக்கர் ஜமீன்' என்று உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். விசேஷ வீட்டில் அந்தச் சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். அது ஜமீனும் இல்லை, கேட்பவர்கள் எல்லாரும் ரசிக்கப்போவதும் இல்லை.

பாட்டையா பக்கம் எனக்கு ஒரு குறை தெரிகிறது. தொழில்காரன் கண்ணுக்கு உறுத்தும் குறை. 1930-ல் 40 ஏக்கரை 3,000 ரூபாய்க்கு எழுதியிருக்கிறார், ஏக்கர் 75 ரூபாய். அடுத்த ஐந்து வருடத்தில் வந்த 570 ஏக்கரை 54,000 ரூபாய்க்கு எழுதியிருக்கிறார், ஏக்கர் ஏறக்குறைய 95 ரூபாய். நெல் விலை பாதியாகக் குறைந்த காலத்தில் நெல் விளையும் நிலம் எப்படி விலை ஏறும்? நிலத்தின் அன்றைய விலையை அவர் எழுதவில்லை. வராத அசலையும் சேர்ந்துபோன வட்டியையும் கூட்டி, அந்தத் தொகையையே நிலத்தின் தலையில் ஏற்றிவிட்டார். அதனால்தான் ஐந்தொகை நஷ்டம் காட்டவில்லை. யுவ வருஷத்தில் குத்தகைப் பாக்கி 2,300 ரூபாயை வரவாகவும் எழுதியிருக்கிறார். அது வந்துசேர்ந்ததாக அடுத்த ஏட்டில் எங்கேயும் இல்லை. அதை எடுத்துவிட்டால் 1,700 லாபமும் போய் 600 நஷ்டம்.

இதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். அன்றைக்குப் பலரும் இப்படித்தான் எழுதினார்கள், நாளைக்கு விலை ஏறிவிடும் என்ற நம்பிக்கைதான். ஆனால் கடையில் பணம் போட்டவர்கள் நிலவரத்தைத் தெரிந்துகொள்ள இந்த ஐந்தொகை உதவாது.

இப்போது ஊருக்கு வருவோம். ஆங்கீரச வருஷம் ஐப்பசியில், அதாவது 1932 கடைசியில், பெரிய அப்பத்தா எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முகப்பு வேலை நிற்கிறது, கொத்தனாருக்குப் பாக்கி, கழுத்துரு என்ற தாலி நகையைத் தவிர மற்றதை எல்லாம் காரைக்குடிக்குக் கொடுத்தனுப்பியாகிவிட்டது, 'அங்கே கேட்டு எழுத வேண்டாம், இங்கே சமாளித்துக்கொள்கிறேன்' என்று இருக்கிறது. நகையை விற்றது வறுமையால் மட்டுமல்ல என்று நினைக்கிறேன். 1931 செப்டம்பரில் பிரிட்டன், தன் ஸ்டெர்லிங் நாணயத்தைத் தங்கத்தோடு கட்டிவைத்திருந்த முறையைக் கைவிட்டது. ரூபாய் ஸ்டெர்லிங்கோடு கட்டப்பட்டிருந்ததால் ரூபாயில் தங்கத்தின் விலை ஏறியது. மற்ற எல்லாம் விலை இறங்கிக் கிடந்தபோது தங்கம் ஒன்றுதான் உடனே காசாகும் சரக்கு. இந்தியா முழுவதும் கிராமத்து வீடுகளிலிருந்து தங்கம் கிளம்பிக் கப்பல் ஏறியது. பாட்டையாவின் நிலத்தை வாங்க ஆள் இல்லை, அப்பத்தாவின் காப்பை வாங்க ஆள் இருந்தது. குடும்பத்தை ஓட்டியது அப்பத்தாவின் நகைதான். பேரேட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூணையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த வீடுகள் எல்லாம் அயலூர் வரவை நம்பி எழும்பியவை. வானம் பார்த்த பூமி, கண்மாய் நிறைந்தால் ஒரு போகம். வெளிப்பணம் நின்றால் கொத்தனார், ஆசாரி, சுண்ணாம்பு அரைத்தவர்கள், சமையல்காரர்கள், வீட்டுக் கணக்கப்பிள்ளை என்று ஒவ்வொருவருக்கும் பிழைப்பு நின்றது. கடைகளில் சம்பளத்துக்கு மேலாளாகவும் அடுத்தாளாகவும் பெட்டியடிப் பையனாகவும் இருந்த வசதியில்லாத நகரத்தார் பலர் கணக்கு (வேலைத் தவணை) முடிந்து ஊர் வந்தார்கள், மறுகணக்குக்கு அழைப்பு வரவில்லை. அந்தப் பக்கம் மலாயாவில் ரப்பர் விலை விழுந்து, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தோட்டத் தொழிலாளர்களைத் திருப்பிக் கப்பலேற்றினார்கள். அவர்களும் தமிழகத்துக் கிராமங்களுக்குத்தான் வந்து இறங்கினார்கள்.

ஊர்க் கணக்கில் அடித்த வரிகள்: வெகுதானிய வருஷம் (1938-39) ஐந்து பேர் பற்றில் வட்டியை அடித்து, அசலை மட்டும் வைத்திருக்கிறார். இதைத்தான் 'பாட்டையா வேண்டியவர்களுக்குத் தள்ளிக்கொடுத்தார்' என்று தங்கை வீட்டார் சொல்கிறார்கள் போலிருக்கிறது. அது அவர் விருப்பத்தில் செய்ததல்ல. ராஜாஜி மந்திரிசபை 1938-ல் கொண்டுவந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் செய்த வேலை. 1932 அக்டோபர் 1-க்கு முன் விவசாயி வாங்கிய கடனில், 1937 அக்டோபர் 1 அன்று நின்ற வட்டிப் பாக்கி முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ள வேண்டும் என்றது சட்டம். அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. அடித்த ஐந்து கடன்களும் 1932-க்கு முந்தியவை, தேதி ஏட்டிலேயே இருக்கிறது. விவசாயிக்கு அது மூச்சு, பாட்டையாவுக்கு இன்னொரு வரவு நின்றது.

தங்கையின் 3,000 ரூபாய்க்கு வருவோம். அது ஆச்சிமார் பணம் (குடும்பத்துப் பெண்கள் கடையில் போட்ட பணம்) என்ற தலைப்பில் முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடுவரை விட்டுப்போகாமல் வருகிறது. வருடா வருடம் வட்டி ஏற்றியிருக்கிறார். மூன்று முறை கொஞ்சம் கொடுத்ததும் பதிவாகியிருக்கிறது. 1941 தையில் பாக்கி 4,200 ரூபாய் சொச்சம். விழுங்க நினைப்பவர் இப்படி வட்டி ஏற்றிக்கொண்டு வரமாட்டார். கடன் என்று கடைசிவரை ஒப்புக்கொண்டிருக்கிறார், கொடுக்கக் கையில் இல்லை. கொடுக்க வேண்டிய பணம் பர்மாவில் வயலாகக் கிடந்தது. 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்தது, 1942 மார்ச்சில் ஜப்பானியர் ஊரைப் பிடித்தார்கள். உங்கள் ஏடுகள் 1941-ல் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

ஆகவே தங்கை வீட்டார் சொல்வதில் பாதி சரி. பணம் திரும்பி வரவில்லை என்பது உண்மை. ஏமாற்றிவிட்டார் என்பதற்கு ஆதாரமில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு நிலவரத்தைச் சொல்லியிருக்க வேண்டும், சொன்னதாகக் கடிதங்களில் இல்லை. மூன்று தலைமுறைக் கசப்புக்கு 4,200 ரூபாயைவிட அதுதான் காரணமாக இருக்கும். விசேஷத்துக்கு முன்பே அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவரை நேரில் போய்ப் பாருங்கள். ஆச்சிமார் பணம் வரும் பக்கங்களைப் பிரதி எடுத்துக் கையில் கொடுங்கள். நடுப்பந்தியில் பேச வேண்டாம். 'உங்கள் ஆயா பணம் வர வேண்டியதுதான், எங்கள் ஏட்டிலேயே இருக்கிறது' என்று நீங்களே முதலில் சொன்னால் பாதி வருத்தம் போய்விடும். இன்றைக்கு வழக்கு வைத்து வசூலிக்கக்கூடிய கடன் இது என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் எதிலாவது கையெழுத்துப் போடும்படி வந்தால் வக்கீலைக் கேட்காமல் போடாதீர்கள்.

பர்மா நிலத்தை மறந்துவிடுங்கள். சுதந்திரம் வந்த 1948-லேயே நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தார்கள், 1953-ல் இன்னொன்று. இழப்பீடு என்று பேச்சு நடந்தது, கையில் வந்ததாகச் சொல்லும் குடும்பத்தை நான் பார்த்ததில்லை. பத்திரத்தைக் காட்டினால் வாங்கித் தருகிறேன் என்று யாராவது கமிஷன் கேட்டு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஏடுகளைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கும் அனுப்ப வேண்டாம். அங்கே தேக்குப் பெட்டிக்கு இருக்கும் விலை ஏட்டுக்கு இல்லை. பூச்சி அரிக்காத இடத்தில், தரையில் படாமல் வையுங்கள். வீட்டில் வைக்க முடியாவிட்டால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். கோட்டையூர்க்காரர் ஒருவர் சேர்த்த நூல்களிலிருந்து உருவான நூலகம் அது, நம் பக்கத்துத் தாள்களின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக உங்கள் மனை. நீங்கள் ஒற்றை வரியில் கேட்டுவிட்டீர்கள், எனக்கு இதுதான் அவசரமாகப் படுகிறது.

காண்டிராக்டரின் இரண்டு மனையும் 14 லட்சம் பெறும் என்று சொல்வது யார்? அவர்தான். பாட்டையா செய்ததையே நீங்களும் செய்யப் பார்க்கிறீர்கள், பாக்கித் தொகையையே மனையின் விலையாக எழுதப் பார்க்கிறீர்கள். அந்தப் பக்கம் போய், இந்த மாதமே ரொக்கத்துக்குக் கொடுப்பதென்றால் என்ன கிடைக்கும் என்று இரண்டு பேரிடம் கேளுங்கள். ஒன்பது லட்சம் என்றால் ஒன்பதுதான். பதிவுச் செலவு உங்கள் தலையில் என்றால் அதையும் கழியுங்கள். மிச்சத்துக்கு அவரிடம் தவணைச் சீட்டு எழுதி வாங்குங்கள், 'கணக்குத் தீர்ந்தது' என்று எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடன்பட்டவர் முதலில் கழற்றிவிடப் பார்ப்பது பெரும்பாலும் விற்க முடியாத மனையைத்தான்.

அவரிடம் பணமே பெயராது என்றால் மனையை வாங்குவது ஒன்றுமில்லாததற்கு மேல், அதை மறுக்கவில்லை. இரண்டையும் வாங்காமல், சீக்கிரம் விலைபோகும் ஒன்றை மட்டும் வாங்கி, மீதிக்கு மாதம் இவ்வளவு என்று ரொக்கமாகக் கேட்பதுதான் நான் செய்வது. மாதம் இருபதாயிரம் வந்தாலும் சரி, மந்தக் காலத்தில் கடையை நடத்துவது அந்த இருபதாயிரம்தான். விற்ற சரக்குக்கு ஜிஎஸ்டியை நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். பணம் வராவிட்டாலும் அது திரும்பாது. நிச்சயம் வராது என்று தெரிந்த பாக்கியைக் கணக்கில் தள்ளுபடி செய்தால் வருமான வரியிலாவது கழித்துக்கொள்ளலாம். அதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்து வருடக்கணக்கில் ஏட்டில் சுமக்காதீர்கள்.

சின்னம்மாவின் 5 லட்சம் இதில் மாட்டக் கூடாது. அந்தப் பணம் வங்கி வழியாக வந்ததா, கையில் கொடுத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கியிருந்தால் வருமான வரியில் அதற்குத் தனியாக அபராதம் உண்டு, உங்கள் கணக்கரிடம் காட்டுங்கள். அதைவிட முக்கியம், இந்த வாரமே சின்னம்மா வீட்டுக்குப் போய் உட்கார்ந்து நிலவரத்தைச் சொல்வது. வர வேண்டியது எவ்வளவு, வரும் என்று நம்புவது எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் பணத்தில் பாதியையாவது இப்போது இருக்கும் ரொக்கத்திலிருந்து திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்புறம் மனைப் பத்திரத்துக்குத் தேதி குறியுங்கள்.